ஈரான் ஃபுட்சல்: 2024 வரை ஆசியாவில் 13 கோப்பை, உலகக் கோப்பையில் ஒரே ஒரு வெண்கலம். எங்கே இடிக்கிறது?

வலதுஆலா

2024 வரை ஆசியக் கோப்பை ஃபுட்சல் (அணிக்கு ஐந்து பேர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்து) 17 முறை நடந்திருக்கிறது. ஈரான் 13, ஜப்பான் 4. மூன்றாவது ஒரு நாடு கோப்பையைத் தொட்டதே இல்லை. 1999 கோலாலம்பூர் தொடங்கி 2005 ஹோ சி மின் நகரம் வரை ஏழு முறை தொடர்ந்து ஈரான்தான். அந்த ஏழு ஃபைனலையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்: கொரியாவை 9-1, கஜகஸ்தானை 4-1, உஸ்பெகிஸ்தானை 9-0, அப்புறம் நான்கு வருடம் ஜப்பானை 6-0, 6-4, 5-3, 2-0.

ஜப்பானோடு ஆறு கோலாக இருந்த இடைவெளி அடுத்த மூன்று ஃபைனலிலும் இரண்டுதான். 2006 தாஷ்கண்ட் அரையிறுதியில் அதுவும் போய், ஜப்பான் கோப்பையைத் தூக்கியது. 2007, 2008, 2010 மறுபடி ஈரான். 2012-லும் 2014-லும் ஜப்பான். 2016, 2018 ஈரான், 2022 ஜப்பான், 2024 ஈரான்.

உலகக் கோப்பைக்கு வந்தால் கதையே வேறு. 1992 ஹாங்காங்கில் முதல் முறை போய் நான்காம் இடம். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஸ்பெயினிடம் 6-9. அதற்கப்புறம் 1996, 2000, 2004 மூன்றிலும் முதல் சுற்றோடு வீடு. 2008-ல் இரண்டாம் சுற்று. 2012 தாய்லாந்தில் கடைசி 16. 2016 கொலம்பியாவில் வெண்கலம். 2021 லித்துவேனியாவில் காலிறுதி. 2024 உஸ்பெகிஸ்தானில் மறுபடி கடைசி 16.

இதில் என் கண்ணில் பட்டது ஒன்று. 2012 முதல் நாக்-அவுட்டில் தோற்ற நான்கு ஆட்டங்கள்: கொலம்பியா 1-2, ரஷ்யா 3-4, கஜகஸ்தான் 2-3, மொராக்கோ 3-4. நான்கும் ஒரே ஒரு கோல். 2022 ஆசிய ஃபைனலில் ஜப்பானிடம் தோற்றதும் 2-3. இதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாமா, இல்லை ஆட்டமுறையிலேயே ஓட்டை இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையகணக்கு

தம்பி, தோற்றதை மட்டும் எண்ணினால் கணக்கு பாதிதான். ஜெயித்ததையும் சேருங்கள். 2016-ல் பிரேசிலோடு 4-4, பெனால்டியில் 3-2. பராகுவேயோடு கூடுதல் நேரத்தில் 4-3. போர்ச்சுகலோடு 2-2, பெனால்டியில் 4-3. 2021-ல் உஸ்பெகிஸ்தானோடு 9-8. ஆக 2012 முதல் 2024 வரை ஈரான் ஆடிய நாக்-அவுட் ஆட்டங்கள் எட்டு. ஒன்றில்கூட இரண்டு கோல் வித்தியாசம் கிடையாது. நான்கு கிடைத்தது, நான்கு போனது. ஓட்டை என்று சொல்ல இது போதாது. பூவா தலையா போட்டாலும் இப்படித்தான் விழும்.

போட்டி அமைப்பையும் கவனியுங்கள். 2004 வரை உலகக் கோப்பையில் 16 அணிதான். நான்கு அணி குழுவில் முதல் இரண்டு இடம் இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 2008-ல் 20 ஆனது, 2012-ல் 24. 24 ஆன பிறகு மூன்றாம் இடத்தில் முடித்தவர்களில் சிறந்த நான்கு அணிக்கும் வழி கிடைத்தது. 2016-ல் ஈரான் அந்த வழியில்தான் நுழைந்தது: ஸ்பெயினிடம் 1-5, அஜர்பைஜானோடு 3-3, மொராக்கோவை 5-3. நான்கு புள்ளி, கோல் வித்தியாசம் மைனஸ் 2. பழைய முறையாக இருந்திருந்தால் அந்த வெண்கலமே இல்லை.

2024-ல் அப்படியே தலைகீழ். வெனிசுவேலா 3-1, குவாத்தமாலா 9-4, பிரான்ஸ் 4-1. மூன்றுக்கு மூன்று, ஒன்பது புள்ளி. அடுத்த ஆட்டத்திலேயே மொராக்கோவிடம் அவுட். குழு ஆட்டத்தை வைத்து இந்த அணியை எடை போடுவது வீண் வேலை.

நாலுநொடி

பழையகணக்கு அண்ணே, எட்டு ஆட்டமும் நெருக்கம் என்பதுதான் என் வாதமே. ஆசியாவில் நடுத்தர அணிகளை ஐந்து, ஆறு கோலில் அடித்துப் பழகிய அணிக்கு இப்படி நெருக்கமான ஆட்டம் வருடத்தில் எத்தனை கிடைக்கும்? ஃபுட்சலில் ஒரு கோல் முன்னிலையைக் காப்பது தனி வித்தை. கோல் அடிக்கிற திறமைக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

கடிகாரத்தை நினைத்துப் பாருங்கள். 20 நிமிடம் கொண்ட இரண்டு பாதி. பந்து வெளியே போனால் கடிகாரம் நிற்கும். ஸ்கோர்போர்டில் 2:00 என்று இருந்தால் நிஜத்தில் ஐந்து, ஆறு நிமிடம் ஓடும். கிக்-இன் (பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் காலால் உள்ளே போடுவது), கார்னர், ஃப்ரீ கிக் எல்லாவற்றையும் நான்கு நொடிக்குள் எடுத்தாக வேண்டும். கிக்-இன் தாமதமானால் பந்து எதிரணிக்கு. கோல்கீப்பர் தன் பாதியில் நான்கு நொடிக்கு மேல் பந்தை வைத்திருக்க முடியாது. விட்ட பந்து எதிரணி காலில் படாமல், தன் ஆள் வேண்டுமென்றே திருப்பித் தந்து, தன் பாதியிலேயே மறுபடி வாங்கினால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக். பெரிய மைதானத்தில் செய்வதுபோல நேரம் கடத்த வழியே கிடையாது.

இதில் ஃபவுல் கணக்கு வேறு. டைரக்ட் ஃப்ரீ கிக் தரும் ஃபவுல்கள் ஒவ்வொரு பாதிக்கும் தனியாகச் சேரும். ஐந்து வரை சுவர் கட்டலாம். ஆறாவதிலிருந்து சுவர் கிடையாது. 10 மீட்டர் புள்ளியிலிருந்து நேராக அடி. ஃபவுல் அதைவிட கோலுக்குப் பக்கத்தில் நடந்திருந்தால் அந்த இடத்திலிருந்தே அடிக்கலாம். இடைவேளையில் கணக்கு பூஜ்யமாகும். ஆனால் கூடுதல் நேரத்துக்குப் போனால் இரண்டாம் பாதியின் ஃபவுல்கள் அப்படியே தொடரும். 2016-ல் கூடுதல் நேரம் வரை போன அணி இதை நன்றாகவே அனுபவித்திருக்கும். நான்கு ஃபவுலோடு கடைசி ஐந்து நிமிடத்துக்குள் நுழையும் அணி காலை நீட்டவே யோசிக்கும். ஈரானின் பலமே ஒட்டிப் பிடித்து ஆடும் டிஃபென்ஸ். ஃபவுல் நிறைந்தால் அந்த ஆயுதம் பாதியாகிவிடும்.

பிவோட்ரசிகன்

சரியான இடத்தைத் தொட்டீர்கள். ஈரானின் அடித்தளம் 3-1. மூன்று பேர் பின்னால், ஒரு பிவோட் முன்னால். வஹீத் ஷம்சாயி காலத்திலிருந்தே அப்படித்தான். தேசிய அணிக்கு 392 கோல் என்று பதிவாகியிருக்கும் மனிதர் இருக்கும்போது பந்தை அவர் காலுக்குக் கொண்டுபோவதைத் தவிர வேறு யோசனை எதற்கு? அவருக்குப் பிறகு அந்த இடம் ஹொசைன் தயேபிக்கு. பிவோட் கோலுக்கு முதுகைக் காட்டி, 10 மீட்டர் புள்ளிக்கு அருகே ஃபிக்ஸோவை, அதாவது எதிரணியின் கடைசி டிஃபென்ஸ் ஆளை, முதுகில் தாங்கி நிற்பார். ஆலா, அதாவது ஓரத்தில் ஆடுபவர், மூலைவாட்டில் பந்து போடுவார். பிவோட் உள்ளங்காலால் அழுத்திப் பிடித்து ஒன்றரை, இரண்டு நொடி வைத்திருக்க வேண்டும். அதற்குள் எதிர்ப்பக்க ஆலா இரண்டாவது போஸ்ட்டுக்கு (பந்திலிருந்து தள்ளி இருக்கும் கோல் கம்பம்) ஓடிவந்திருக்க வேண்டும். பிறகு திருப்பி அடிப்பதா, ஓடிவருபவருக்குத் தட்டிவிடுவதா என்பது பிவோட்டின் முடிவு.

இந்த முறையில் கோல் வரும். ஆனால் பந்தும் அடிக்கடி போகும். பிவோட்டுக்குப் போடும் ஐந்து பந்தில் இரண்டை முன்னால் பாய்ந்து வெட்டிவிட்டால், மேலே ஏறிய ஆலா திரும்பி ஓடுவதற்குள் மூன்றுக்கு இரண்டு ஆகிவிடும். ஆசியாவில் அந்த இழப்பைத் தண்டிக்க ஆள் குறைவு. பிரேசில், ஸ்பெயின், அர்ஜென்டினா தண்டிக்கும். 2021-ல் உஸ்பெகிஸ்தானே எட்டு கோல் போட்டது, மறக்க வேண்டாம்! ஒன்பது அடித்ததால் அந்த எட்டை யாரும் பேசுவதில்லை.

வெள்ளவத்தை_இடதுகால்

ஈரானியரின் பந்துக் கட்டுப்பாடு எங்கிருந்து வருகுது எண்டதையும் பாக்க வேணும். அங்கை தெருவுக்குத் தெரு 'கோல் கூச்சிக்' எண்டு சின்ன கோல் வச்சு உதைபந்தாட்டம் நடக்கும். கூடுதலாகக் காப்பாளர் இல்லாமல்தான். பந்து மலிவான பிளாஸ்டிக் பந்து. அது வெறுமனே காத்தில பறக்கும், அதால ஒரு பந்தைக் கீறி, அதுக்குள்ளை இன்னொண்டை நுழைச்சு இரட்டைத் தோலாக்கி விளையாடுவினம். பாரம் கூடும், துள்ளல் குறையும்.

இப்ப ஃபுட்சல் பந்தின்ர அளவைப் பாருங்கோ. நாலாம் நம்பர், சுற்றளவு 62 முதல் 64 செ.மீ., எடை 400 முதல் 440 கிராம். 2 மீட்டர் உயரத்தில இருந்து போட்டால் முதல் துள்ளல் 50 முதல் 65 செ.மீ.க்குள்ளதான் இருக்க வேணும். தெருவில பொடியள் கத்தியால கீறிச் செய்த பந்தும் போற திசை அதேதான். உள்ளங்காலால அமத்துறது, பெருவிரல் நுனியால குத்துறது, நெருக்கடிக்குள்ள ஒருத்தரை வெட்டிப் போறது எல்லாம் பத்து வயசுக்கு முன்னமே காலில ஏறிவிடுது.

ஆனா காப்பாளர் இல்லாத விளையாட்டில வளர்ந்த பொடியளுக்கு, காப்பாளரையே ஐந்தாவது ஆளாக்கி விளையாடுற எண்ணம் பிந்தித்தான் வரும். கஜகஸ்தானிட்டைத் தோத்ததுக்கு அதுவும் ஒரு காரணம் எண்டு நினைக்கிறன்.

பழையகணக்கு

முதல் பாதி அருமை ஐயா. இரண்டாம் பாதியை ஏற்க முடியவில்லை. பிரேசில் பையனும் தெருவில் கீப்பர் இல்லாமல்தான் ஆடுகிறான். கஜகஸ்தானின் கீப்பர் ஹிகிட்டா பிரேசிலில் பிறந்தவர்தானே? தெருவிலிருந்து நேராகத் தேசிய அணிக்கு வந்துவிட முடியாது. நடுவே கிளப் இருக்கிறது. ஹிகிட்டா முன்னேறி ஆடக் கற்றது கைராத் கிளப்பில், வருடக்கணக்கான பயிற்சியில். அந்தக் கிளப்பின் முறையைத்தான் கஜகஸ்தான் தேசிய அணி அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டது. இன்னொரு வேடிக்கை: 2000-ல் பாங்காக்கில் ஈரான் 4-1 என்று ஃபைனலில் அடித்ததும் இதே கஜகஸ்தானைத்தான். அப்போது அவர்கள் ஆசியக் கூட்டமைப்பில் இருந்தார்கள். பிறகு ஐரோப்பாவுக்கு மாறி, வருடா வருடம் ஸ்பெயின், போர்ச்சுகல், ரஷ்யா மாதிரி ஆட்களோடு மோதி, 21 வருடம் கழித்து வந்து 3-2. ஆசியாவிலேயே இருந்த ஈரான் கோப்பையாக அடுக்கியது. யார் அதிகம் வளர்ந்தார்கள்?

நாலுநொடி

இதைத்தானே அண்ணே நானும் முதலில் சொன்னேன் :) பூவா தலையா என்றது நீங்கள்தான்.

கஜகஸ்தான் முறையைக் கொஞ்சம் விரிக்கிறேன். சாதாரணமாக ஃப்ளையிங் கீப்பர் என்பது தோற்கும் அணி கடைசி மூன்று, நான்கு நிமிடத்தில் எடுக்கும் சூதாட்டம். கீப்பரை உட்காரவைத்து, நன்றாகப் பாஸ் போடும் ஒரு ஆளை கீப்பர் சட்டையில் இறக்குவார்கள். பந்து போனால் 3 மீட்டர் அகலக் கோல் காலியாகக் கிடக்கும். ஹிகிட்டா விஷயம் வேறு. அவர் நிஜ கீப்பர். ஆள் மாற்றவே வேண்டாம். முதல் நிமிடத்திலேயே நடுக்கோட்டைத் தாண்டி வருவார். எதிரணிப் பாதிக்குள் வந்துவிட்டால் நான்கு நொடிக் கணக்கும் இல்லை. தூரத்திலிருந்து அடிக்கவும் செய்வார்.

இதனால் எதிரணிக்கு என்ன ஆகிறது? மேலே போய் நெருக்க முடியாது, எப்போதும் ஒரு ஆள் குறைவு. 12, 14 மீட்டருக்குள் இறங்கி நின்று பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பந்து நம்மிடம் வரும் நேரம் குறையும். கால் கனக்கும். பந்து கிடைத்ததும் பதறி காலி கோலுக்குத் தூரத்திலிருந்து அடிக்கத் தோன்றும். அது வெளியே போனால் மறுபடி அவர்கள் கையில் பந்து. பிவோட்டை நம்பி இருக்கும் அணிக்கு இது இரட்டை அடி, பிவோட் பந்தையே பார்க்க மாட்டார்.

வலதுஆலா

2016-ல் பிரேசிலை அடித்தபோது இந்தப் பிரச்சினை ஏன் தெரியவில்லை? அதே தயேபி, அதே ஹசன்ஸாதே, அதே கோச் நாசெமஷ்ஷரியே.

பிவோட்ரசிகன்

பிரேசில் வந்து மோதும் அணி. பந்தைப் பதுக்கி வைக்காது. இரண்டு பக்கமும் திறந்து ஆடினால் அது ஈரானுக்கு வாகான ஆட்டம். அன்று பிரேசிலின் ஃபால்காவ் தனியாக மூன்று கோல் அடித்தும் ஈரான் விடவில்லை. 1989 முதல் ஒவ்வொரு உலகக் கோப்பையிலும் முதல் மூன்று இடத்துக்குள் வந்த பிரேசில், முதல் முறையாக கடைசி 16-லேயே வெளியேறியது. அது ஃபால்காவின் கடைசி உலகக் கோப்பை ஆட்டம். உலகக் கோப்பைகளில் மொத்தம் 48 கோல். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த ஈரான் வீரர்களே அவரைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். ஃபுட்சலில் அதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் அதே தொடரில் ரஷ்யா? அவசரப்படாத அணி. பிரேசிலில் பிறந்த வீரர்களும் அதில் இருந்தார்கள். 4-3. வேகத்தை எதிரணி தீர்மானித்தால் ஈரான் திணறும், அவ்வளவுதான்.

கிளப்கிறுக்கன்

எல்லோரும் தேசிய அணியையே பேசுகிறீர்கள். கிளப் பக்கம் வாருங்கள். ஆசியக் கிளப் கோப்பையை 2010-ல் ஃபூலாத் மஹான், 2012-ல் கீத்தி பசந்த், 2015-ல் தாசீசாத் தர்யாயி, 2018-ல் மெஸ் சுங்குன் ஜெயித்தன. நான்கு முறை, நான்கு வெவ்வேறு ஈரான் கிளப். கேட்க நன்றாக இருக்கும். உள்ளே பார்த்தால் அதுதான் நோய். இவை பெரும்பாலும் கம்பெனி அணிகள். மெஸ் சுங்குன் ஒரு செம்புச் சுரங்கத்தின் அணி. கம்பெனி கையை விரித்தால் அணி கலையும். ஃபூலாத் மஹானும் கலைந்தது, தாசீசாத்தும் கலைந்தது. எதிர்ப்பக்கம் ஜப்பானின் நகோயா ஓஷன்ஸ் ஒரே கிளப்பாக 2011, 2014, 2016, 2019 என்று நான்கு முறை.

ஒரு செட் நால்வர் சேர்ந்து ஆடி, கண்ணை மூடிக்கொண்டு இடம் மாறப் பழக இரண்டு, மூன்று சீசன் வேண்டும். ஃபுட்சலில் ஆள் மாற்றத்துக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. பெரிய அணிகள் இரண்டு செட் வைத்து இரண்டு, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை நால்வரையும் மொத்தமாக மாற்றுவார்கள். முதல் செட் அளவுக்கு இரண்டாவது செட் இல்லையென்றால், 30-வது நிமிடத்துக்கு மேல் முதல் செட்டை நீட்டிப் போடத் தோன்றும். ஒரு கோலில் தோற்கும் ஆட்டம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நழுவும். இது ஈரானுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை, ஆனால் முழுத் தொடரிலும் ஹசன்ஸாதே களத்தில் இருந்த நேரத்தையும் இல்லாத நேரத்தையும் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வெளிநாட்டில் ஆடியவர்களும் கைவிட்டு எண்ணக்கூடிய அளவுதான். தயேபி கைராத், பென்ஃபிகா, பால்மா என்று போனார். அப்படி எட்டுப் பேர் வேண்டும்.

வெள்ளவத்தை_இடதுகால்

ஜப்பானை எடுத்தால், 2012-லயும் 2014-லயும் அவைக்கு ஸ்பெயின்காரர் மிகேல் ரோட்ரிகோ பயிற்றுநர். 2014 இறுதியாட்டத்தில ஈரானுக்கும் ஸ்பெயின்காரர்தான், ஹேசுஸ் கண்டேலாஸ். ரெண்டு பக்கமும் ஒரே பள்ளிக்கூடம். 2-2 எண்டு முடிஞ்சு தண்டனை உதையில ஜப்பான். அதுக்குப் பிறகு ஈரான் உள்ளூர்ப் பயிற்றுநரிட்டைத் திரும்பினது, 2016 வெண்கலம் அவரின்ர காலத்தில வந்தது. அதால வெளிநாட்டுப் பயிற்றுநர் வந்தால் எல்லாம் சரியாகும் எண்டு சொல்ல ஏலாது.

இன்னொண்டு, பெண்கள் அணியை ஒருத்தரும் சொல்லேல்லை. 2015-லயும் 2018-லயும் ஆசியச் சம்பியன். ரெண்டு இறுதியிலயும் ஜப்பானைத்தான், 1-0, 5-2. 2015-ல அணித்தலைவி நிலூஃபர் அர்தலானைக் கணவர் நாட்டை விட்டுப் போக விடாததால அவ இல்லாமலேயே வெண்டது. பெண்களுக்கான முதலாவது உலகக் கிண்ணம் 2025-ல ஃபிலிப்பைன்ஸில தான் நடந்தது. பத்து வருசம் முந்தி வச்சிருந்தால் அந்த அணிக்கு நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்.

பழையகணக்கு

ஒத்துக்கொள்கிறேன். ஆசிய உள்ளரங்க விளையாட்டுகளையும் சேருங்கள்: 2005, 2007, 2009, 2013, 2017 ஐந்திலும் ஆண்கள் ஃபுட்சல் தங்கம் ஈரானுக்கே.

மொராக்கோ பற்றி ஒரு வார்த்தை. 2016-ல் ஈரானிடம் 3-5 என்று தோற்று மூன்று ஆட்டத்திலும் புள்ளியே இல்லாமல் போன அணி அது. ஹிஷாம் த்கீக் என்ற ஒரே கோச்சை மாற்றாமல் வைத்து, 2016, 2020, 2024 என்று மூன்று ஆப்பிரிக்கக் கோப்பையும், 2021 உலகக் கோப்பையில் காலிறுதியும் கண்டார்கள். 2024-ல் 4-3 என்று ஈரானைத் தாண்டியது திடீரென்று வந்ததில்லை. 2021-ன் முடிவுக்கும் 2024-ன் முடிவுக்கும் நடுவே ஈரானில் கோச்சே மாறிவிட்டார், ஷம்சாயி வந்தார். 392 கோல் அடித்தவர் கோச் ஆனால் அணி முன்னால் சாயத்தானே செய்யும்? 2024 ஆசிய ஃபைனலில் தாய்லாந்தை அவர்கள் நாட்டிலேயே 4-1. அதே வருடம் மொராக்கோவிடம் மூன்று அடித்து நான்கு வாங்கினார்கள்.

கல்லூரிகோச்

இழையை முழுக்கப் படித்தேன். ஐந்துக்கு நான்கு டிஃபென்ஸ்தான் விஷயம் என்றால், அதைப் பசங்களுக்கு எப்படிப் பழக்குவது? நம் பக்கம் பெரும்பாலும் டர்ஃபில் ஆடி வருகிறார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் எல்லோரும் பந்தைத் துரத்துகிறார்கள், இரண்டாவது போஸ்ட் காலி.

நாலுநொடி

சார், துரத்துவதுதான் முதல் கோளாறு. இப்படி ஆரம்பியுங்கள்.

அரை மைதானம் போதும், ஏறக்குறைய 20-க்கு 20 மீட்டர். கீப்பரோடு நான்கு டிஃபென்ஸ், எதிரே ஐந்து பேர். கடிகாரத்தில் 2:00 வையுங்கள், டிஃபென்ஸ் 1-0 முன்னிலை, ஃபவுல் கணக்கு ஐந்து என்று அறிவித்துவிடுங்கள். அடுத்த ஃபவுலுக்கு 10 மீட்டர் அடி. பந்து வெளியே போனால் கடிகாரத்தை நிறுத்துங்கள். இதை ஓடவிட்டால் பயிற்சியே வீண். பசங்களுக்கு நிஜ நேரம் எவ்வளவு நீளம் என்று உறைக்க வேண்டும்.

எதிரணி 1-2-2 என்று நின்றால், அதாவது நடுவில் ஒருவர் பின்னால், இரண்டு பேர் ஓரத்தில், இரண்டு பேர் மூலைப் பக்கம் என்றால், நீங்கள் சாய்சதுரமாக நில்லுங்கள்: ஒருவர் மேலே, இரண்டு பேர் பக்கத்தில், ஒருவர் கோலுக்கு முன்னால். எதிரணி 2-1-2 என்று மேலே இரண்டு பேரை வைத்தால் சாய்சதுரத்தின் மேல் ஆள் இருவருக்கு நடுவே பந்தாடப்படுவார். அப்போது 2-2 சதுரத்துக்கு மாறுங்கள். யார் கத்தி மாற்றச் சொல்வது என்று முன்பே முடிவு செய்யுங்கள். கீப்பர்தான் சரியான ஆள், அவருக்குத்தான் முழுப் படமும் தெரியும்.

முதல் நாள் யாரும் பந்தை எடுக்கவே கூடாது. நால்வரும் பந்தோடு சேர்ந்து பக்கவாட்டில் நகர மட்டும் செய்யட்டும். ஒருவருக்கொருவர் 4, 5 மீட்டருக்கு மேல் விலகக் கூடாது. பந்து வலது ஓரத்தில் இருக்கும்போது இடது பக்க ஆள் கோலின் இரண்டாவது போஸ்ட் நேருக்கு வந்து நிற்க வேண்டும், தன் ஆளைத் திரும்பிப் பார்க்காமல், உடம்பைப் பாதி திருப்பி இரண்டையும் பார்க்கும்படி. ஐந்துக்கு நான்கில் விழும் கோல்களில் பெரும்பங்கு ஓரத்திலிருந்து குறுக்கே அந்தப் போஸ்ட்டுக்கு வரும் தரைப் பந்துதான்.

கல்லூரிகோச்

எப்போது பாய்வது?

நாலுநொடி

மூன்று சமயம் மட்டும். பந்து வாங்குபவர் முகம் தன் கோல் பக்கம் திரும்பியிருந்தால். முதல் தொடுதல் காலிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் விலகினால். பாஸ் தரையை விட்டு எழும்பித் துள்ளி வந்தால். வேறு எப்போது பாய்ந்தாலும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் தனியாக நிற்பார்கள். மேல் ஆள் அரை நொடி தாமதமாகப் பாய்வதுதான் அதிகம் நடக்கும் தப்பு. போகாமலே இருப்பது அதைவிட மேல்.

பந்து கிடைத்ததும் காலி கோலைப் பார்த்து அடிக்க அனுமதி கொடுங்கள், ஆனால் இரண்டு தொடுதலுக்குள், எதிரே ஆள் இல்லாத கோடு இருந்தால் மட்டும். இல்லையென்றால் ஓரத்துக்கு ஓட்டி, எதிராளி காலில் பட்டு வெளியே போகும்படி தட்டுங்கள். கிக்-இன் நமக்கு. டைம்-அவுட் பாதிக்கு ஒன்றுதான், ஒரு நிமிடம். அதை 38-வது நிமிடம் வரை கையில் வைத்திருங்கள். எதிரணி ஃப்ளையிங் கீப்பரை இறக்கும்போது முதல் 20 நொடி எந்த வடிவத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எடுங்கள். முன்கூட்டியே எடுத்தால் தெரியாத விஷயத்துக்குத் திட்டம் போடுவதாகிவிடும்.

பிவோட்ரசிகன்

கூடவே தாக்குதல் பக்கமும் பழக்குங்கள் சார். ஃப்ளையிங் கீப்பராக இறங்கும் ஆளுக்கு கீப்பர் நிறச் சட்டை வேண்டும், ஆனால் முதுகில் அவருடைய சொந்த எண் தெரிய வேண்டும். பெரிய அணிகள் முதுகில் சதுரமாக வெட்டிய சட்டை ஒன்று வைத்திருப்பார்கள். மேலே மாட்டினால் உள்ளே இருக்கும் எண் அந்த ஓட்டை வழியாகத் தெரியும். சட்டை தேடி பெஞ்சில் 30 நொடி போன அணிகள் உண்டு. மாற்றம் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், நடுவரிடம் கேட்கத் தேவையில்லை. ஆனால் உங்கள் பெஞ்சுக்கு முன்னால் உள்ள 5 மீட்டர் மாற்று இடத்தில், உள்ளே இருப்பவர் முழுதாக வெளியே வந்த பிறகுதான் அடுத்தவர் நுழைய வேண்டும். அவசரத்தில் முன்னால் காலை வைத்தால் மஞ்சள் அட்டை. அவருக்கு முன்பே ஒரு மஞ்சள் இருந்தால் சிவப்பு; இரண்டு நிமிடமோ ஒரு கோல் வாங்கும் வரையோ ஒரு ஆள் குறைவாகத்தான் ஆட வேண்டும்.

கல்லூரிகோச்

சட்டை விஷயம் எங்கள் தையல்காரரிடம் இன்றே சொல்லிவிடுகிறேன். டர்ஃப் பந்து துள்ளுகிறதே, அதில் பழகினால் போதுமா?

வெள்ளவத்தை_இடதுகால்

போதாது ஐயா. சீமெந்துத் தரை எண்டாலும் பரவாயில்லை, நாலாம் நம்பர் ஃபுட்சல் பந்தே வாங்குங்கோ. காத்தழுத்தத்தை 0.6 அட்மொஸ்ஃபியருக்கும் 0.9 அட்மொஸ்ஃபியருக்கும் இடையில, கீழ்ப்பக்கமாக வையுங்கோ. பிறகு 2 மீட்டரில இருந்து போட்டுப் பாருங்கோ; முழங்காலுக்கு மேல நல்லா எழும்பினால் அது ஃபுட்சல் பந்தே இல்லை.